சமையலறைக் கழிவு: கூடையா, வாளியா, எஞ்சைமா, இயந்திரமா?

பினாங்குத் தீவின் ஜெலுத்தோங்கில் அடுக்குமாடி வீடொன்றின் 14வது மாடியில் இருக்கும் ஒரு தங்கை கேட்டிருந்தார்: “அக்கா, போகாஷி வாளி வாங்குவதா, தகாகுரா கூடை வைப்பதா? வீட்டில் மூன்று பேர். பால்கனியில் துணி காயப்போடத்தான் இடமிருக்கிறது. எதை வாங்கினாலும் மூன்று மாதத்தில் மூலையில் போட்டுவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது.” இரண்டும் சமையலறைக் கழிவைக் குப்பைக்கு அனுப்பாமல் வீட்டிலேயே கையாளும் முறைகள்.

பட்டர்வொர்த்தில் தரைவீட்டில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரும், கோலாலம்பூர் செந்தூலில் வீட்டிலேயே சமைத்து மதியச் சாப்பாடு கொடுக்கும் ஒரு குடும்பத்தினரும் ஏறக்குறைய இதே கேள்வியை அனுப்பியிருக்கிறார்கள். மூவருக்கும் விடை ஒன்றல்ல. அந்தத் தங்கையின் பயம் நியாயமானது. ஆறு ஆண்டுகளில் நானே ஒரு முறையைக் கைவிட்டிருக்கிறேன். எதனால் கைவிட்டேன் என்பதையும் சேர்த்தே எழுதுகிறேன்.

## பிளாஸ்டிக்கைக் குறைக்க நினைப்பவர் காய்கறித் தோலில் ஏன் தொடங்க வேண்டும்?

பினாங்கில் கடைப்பையை விடுவதில் நாம் முந்திக்கொண்டோம். 2009 ஜூலையில் திங்கட்கிழமைகளில் இலவசப் பை நின்றது. 2011 ஜனவரியில் எல்லா நாளும் பைக்கு 20 சென் என்றானது. துணிப்பையோடு சந்தைக்குப் போகும் பழக்கம் அன்று மீண்டும் வந்தது. அது இன்றும் என்னை மகிழ்விக்கும் மாற்றம். ஆனால் அதே காலத்தில் வீட்டுக்குள் வேறொன்றும் நடந்தது. கடையில் கிடைத்த பையில்தான் அதுவரை குப்பையைக் கட்டிப் போட்டு வந்தோம். அது நின்றதும் கறுப்புக் குப்பைப் பைச் சுருளைக் காசு கொடுத்து வாங்க ஆரம்பித்தோம். என் வீட்டில் நாளுக்கு ஒரு பை போனது. ஆண்டுக்கு 365 பைகள். குப்பையை மூடுவதைத் தவிர அவற்றுக்கு வேறு வேலை இல்லை.

குப்பைக்குப் பை எதற்காக? ஈரத்துக்காக. மீன் கழுவிய தண்ணீர், தேங்காய்ச் சக்கை, மிஞ்சிய குழம்பு ஆகியவை தொட்டியின் அடியில் தேங்காமல் இருப்பதற்காக. ஈரம் வெளியேறிவிட்டால் பையும் வெளியேறிவிடும். நான் சொல்ல வருவதன் பாதி இதுதான்.

ஒரு வாரம் எங்கள் நால்வரின் குப்பையைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். மொத்தம் 7 கிலோ 200 கிராம். அதில் ஈரக் கழிவு மட்டும் 4 கிலோ 600 கிராம். மிச்சத்தைத் தரையில் பழைய செய்தித்தாள் விரித்துக் கொட்டியபோது பெரும்பகுதி மறுபயனீட்டுக்குப் போயிருக்க வேண்டிய பொருளாகவே இருந்தது: பால் டின், முட்டை அட்டை, எண்ணெய்ப் பாத்திரத்தைச் சுற்றி வந்த காகிதப்பெட்டி. ஆனால் முட்டை அட்டை சாம்பாரில் ஊறி, விரல் பட்டாலே பிய்ந்தது. அப்படி நனைந்ததை எடுக்க யாரும் வரமாட்டார்கள். தொட்டியில் சேரும் ஈரக் கழிவு தான் வீணாவதோடு நிற்காமல் பக்கத்தில் இருப்பதையும் கெடுத்துவிடுகிறது.

நாடு முழுதும் நிலைமை இதுதான். மலேசிய வீட்டுக் குப்பையில் ஏறக்குறைய பாதி உணவுக் கழிவு. பினாங்குத் தீவில் நாம் போடும் குப்பை கடல் தாண்டி, நிபோங் திபால் பக்கம் இருக்கும் புலாவ் பூரோங் நிலநிரப்பு மையத்துக்குப் போகிறது. அங்கே காற்றுப் படாமல் அழுகும் சோறும் தோலும் மீத்தேன் வாயுவாகின்றன. 2022 ஜனவரியில் அந்த இடம் பற்றி எரிந்தபோது சுற்றுவட்டாரத்து மக்கள் நாள்கணக்கில் புகையைச் சுவாசித்தார்கள். கடலுக்கு இந்தப் பக்கம் இருந்து அந்தப் படங்களைப் பார்த்த அன்று, என் தொட்டியும் அதில் இருக்கிறது என்பது எனக்கு உறைத்தது.

## எதை வைத்து எடை போடுவது?

எல்லோரும் முதலில் பார்ப்பது வாளியின் விலை. அடுத்தது நாற்றம். நானும் அப்படித்தான் தொடங்கினேன், அதனால்தான் தவறினேன். முதலில் கேட்க வேண்டியது, முடிவில் கிடைப்பதை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்போம் என்பதுதான். எந்த முறையானாலும் கடைசியில் ஏதோ ஒன்று கையில் நிற்கும்: உரம், புளித்த கூழ், நீர் அல்லது பொடி. அதற்கு இடம் சொல்ல முடியாத வீட்டில் எந்த வாளியும் மூன்று மாதத்தில் மூலைக்குத்தான் போகும்.

மற்றவை அதற்குப் பின்னால் வரும். உங்கள் வீட்டுக் கழிவு பச்சைத் தோலா, சமைத்த மிச்சமா, மீன்முள்ளா? நாள்தோறும் எத்தனை நிமிடம் ஒதுக்க முடியும்? பக்கத்து வீட்டுக்காரர் சன்னலிலிருந்து எத்தனை அடி தூரம்? மாதா மாதம் தொடர்ந்து எதை வாங்க வேண்டியிருக்கும்?

## தகாகுரா கூடை

ஜப்பானியரான கோஜி தகாகுரா, இந்தோனேசியாவின் சுராபாயா நகரத்து வீடுகளுக்காக உருவாக்கிய முறை இது. நம்மைப் போன்ற வெப்பமும் ஈரமும் உள்ள ஊருக்கென்றே பிறந்தது என்பதால் எனக்கு இதன்மேல் தனிப் பிரியம் உண்டு. அழுக்குத்துணி போடும் துளைகள் உள்ள சாதாரணக் கூடை போதும். உள்பக்கம் சுற்றிலும் அட்டை. அடியில் உமி நிரப்பிய துணிப்பை. நடுவில் ‘விதை உரம்’. மேலே மூட ஒரு பழைய துணி.

விதை உரத்தை வீட்டிலேயே செய்யலாம். உமியும் தவிடும் சரிபாதி. தெம்பே (புளித்த சோயா), தாப்பாய் (புளித்த சோறு அல்லது மரவள்ளி), தயிர் ஆகியவற்றைச் சர்க்கரைத் தண்ணீரில் சில நாள் ஊறவைத்து அந்த நீரைத் தெளித்துப் பிசைந்து மூடி வைத்தால், நான்கைந்து நாளில் மேலே வெள்ளைப் பூஞ்சை படரும். தோசை மாவு புளிப்பதைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இது அந்நியமாகத் தெரியாது. கையை உள்ளே விட்டால் வெதுவெதுப்பாக இருக்கும். அந்தச் சூடுதான் நுண்ணுயிர்கள் வேலை செய்வதற்கு அடையாளம்.

அதன்பின் நாள்தோறும் கழிவைச் சிறிதாக நறுக்கிப் போட்டுக் கிளற வேண்டும். எனக்கு ஐந்து நிமிடம் ஆகிறது. பச்சைத் தோல், சோறு, தேங்காய்ச் சக்கை, தேயிலைத் தூள், சிறிய மீன்முள் எல்லாம் போகும். மாங்கொட்டை, சிரட்டை, நண்டு ஓடு, பெரிய எலும்பு ஆகியவை போகா. எண்ணெய் அறவே கூடாது.

இந்த முறையில் கற்க வேண்டியது ஒன்றே ஒன்று, ஈரத்தின் அளவு. ஒரு கைப்பிடி எடுத்து இறுகப் பிடியுங்கள். உருண்டையாக நிற்க வேண்டும். விரலிடுக்கில் ஒன்றிரண்டு சொட்டுக்கு மேல் வரக்கூடாது. பிடிபடாமல் உதிர்ந்தால் காய்ந்துவிட்டது, எறும்பு வரும். தண்ணீர் ஒழுகினால் நாற்றம் வரும். என் முதல் கூடையில் ஒரே மாலையில் தர்பூசணித் தோலையும் மிஞ்சிய மோர்க்குழம்பையும் கொட்டினேன். இரண்டாம் நாள் அழுகிய முட்டை வாடை. மூன்றாம் நாள் மேல்மாடி ஆண்ட்டி இறங்கி வந்து, “என்னம்மா, எலி கிலி செத்துக் கிடக்கிறதா?” என்று கேட்டார். இரண்டு படி உமியும் பொடியாகக் கிழித்த அட்டையும் போட்டு, காலையும் மாலையும் கிளறினேன். நான்கு நாளில் வாடை நின்றது. ஆனால் அந்த நான்கு நாளும் படியில் அவரைப் பார்க்கக் கூச்சப்பட்டேன். இப்போதெல்லாம் குழம்பை வடிகட்டித் திப்பியை மட்டும் போடுகிறேன். தர்பூசணித் தோலை ஒருநாள் தட்டில் பரப்பிக் காயவிட்ட பிறகே கூடையில் சேர்க்கிறேன்.

புழுவைக் கண்டு பலர் கூடையையே கொட்டிவிடுகிறார்கள். தட்டையாக, பழுப்பு நிறத்தில், தடித்து நெளிந்தால் அது பெரும்பாலும் கறுப்புச் சிப்பாய் ஈயின் புழு. அது கழிவை விரைவாகத் தின்னும், கடிக்காது, நோயும் பரப்பாது. பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் ஈரத்தைக் குறைத்து, துணியை விளிம்பு தெரியாமல் இறுக்கிக் கட்டினால் போதும்.

மறைந்திருக்கும் செலவு உமிதான். தீவுக்குள் எளிதில் கிடைக்காது. நெல் விளைவது செபராங் பிறையிலும் கெடாவிலும். அந்தப் பக்கம் போகும்போது ஒரு மூட்டை வாங்கி வைப்பேன். செடிக்கடைகளிலும் சிறு மூட்டையாக விற்கிறார்கள், விலை கூடுதல். சில மாதத்துக்கு ஒருமுறை உள்ளட்டையை மாற்ற வேண்டும். இரண்டு வாரம் ஊருக்குப் போனால் ஒன்றும் கெடாது, திரும்பி வந்து தண்ணீர் தெளித்தால் மீண்டும் சூடேறும். இது பெரிய வசதி.

முடிவில் கிடைப்பது உலர்ந்த, மண்வாசனை உள்ள உரம். என் கூடை நிறைய நான்கு மாதம் பிடித்தது. அதைச் சாக்கில் போட்டு ஒரு மாதம் ஆறவிட்டால் தயார். கனமில்லாததால் ஒரு பையில் போட்டு யாருக்கும் கொடுக்கலாம். எங்கள் கட்டடத்தின் கீழே கறிவேப்பிலையும் பண்டானும் வளர்க்கும் மலாய்ப் பாட்டி அடுத்த பை எப்போது என்று கேட்கிறார். அடுக்குமாடிக்கு இந்த முறையை நான் முன்வைப்பதற்குக் காரணம் இதுதான்: முடிவுப் பொருளை மண்ணுள்ள ஒருவர் மறுக்காமல் வாங்கிக்கொள்வார்.

## போகாஷி வாளி

ஒகினாவாவைச் சேர்ந்த பேராசிரியர் தெருவோ ஹிகா உருவாக்கிய நுண்ணுயிர்க் கலவையைத் தவிட்டில் ஏற்றி, கழிவின்மேல் தூவி, காற்றுப் புகாமல் அழுத்தி மூடுவது இந்த முறை. நடப்பது அழுகல் அல்ல, புளிப்பு. நாம் மாங்காயை உப்பில் போட்டு ஜாடியை இறுக்கிக் கட்டி வைப்பது போலத்தான். வாளி நிறைந்த பிறகு இரண்டு வாரம் மூடியே இருக்க வேண்டும். அடியில் உள்ள குழாய் வழியாகச் சாற்றை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை வடிக்க வேண்டும்.

வசதிகளைப் பட்டியலிட்டால் இதுவே வெல்லும். இறைச்சி, மீன், மிஞ்சிய பிரியாணி எல்லாம் போகும். கிளற வேண்டாம். சரியாக மூடினால் ஊறுகாய் போன்ற புளிப்பு வாடைதான், அதுவும் திறக்கும்போது மட்டும். நாளுக்கு ஒரு நிமிடம் போதும்.

ஆனால் இரண்டு வாரம் கழித்துத் திறந்தால் உள்ளே உரம் இருக்காது. போட்ட வாழைப்பழத்தோல் வாழைப்பழத்தோலாகவே, கொஞ்சம் வெளிறிப் புளித்துக் கிடக்கும். அதை மண்ணில் புதைத்து இன்னும் இரண்டு வாரமாவது விட்டால்தான் மண்ணோடு மண்ணாகும். அமிலம் மிகுந்திருப்பதால் செடியின் வேரில் நேராகப் படக்கூடாது. சாற்றையும் நூறு மடங்கு தண்ணீர் கலந்துதான் ஊற்ற வேண்டும். கடைக்காரர் எனக்கு இதைச் சொல்லவில்லை. மூன்று வாளி நிறைந்து பால்கனியில் வரிசையாக நின்றபோதுதான் புரிந்தது. அவற்றை வண்டியில் ஏற்றிப் பாலத்தைக் கடந்து பட்டர்வொர்த்தில் அத்தை வீட்டு வாழை மரத்தடியில் குழி வெட்டிப் புதைத்தேன். அந்த வாழை தழைத்தது உண்மைதான். ஆனால் மாதம் ஒருமுறை அப்படிப் போக முடியவில்லை. ஐந்தாம் மாதம் விட்டுவிட்டேன்.

மறைந்திருக்கும் செலவுகள்: தவிடு தீரத் தீர வாங்க வேண்டும், ஒன்று புளிக்கும்போது மற்றதில் போட இரண்டாவது வாளி கட்டாயம், நிறைந்த வாளி நல்ல கனம். மண் நிரப்பிய பெரிய தொட்டியில் பால்கனியிலேயே புதைக்கலாம் என்பார்கள். முடியும், ஆனால் அந்தத் தொட்டி ஓர் ஆள் நிற்கும் இடத்தை எடுத்துக்கொள்ளும்.

## எஞ்சைம்

பழத்தோலைச் சர்க்கரைத் தண்ணீரில் புளிக்கவைத்து எடுக்கும் திரவம் இது. பினாங்கில் இதைப் பற்றிக் கேள்விப்படாத வீடு குறைவு. அளவு எல்லோருக்கும் மனப்பாடம்: சிவப்புச் சர்க்கரை 1 பங்கு, பச்சைப் பழத்தோலும் காய்கறித் தோலும் 3 பங்கு, தண்ணீர் 10 பங்கு, மூன்று மாதம்.

கழிவைத் தீர்க்கும் வழியாக இதை நினைப்பவர்கள் ஒரு கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். நாளுக்கு அரைக் கிலோ தோல் என்றால் மாதம் 15 கிலோ. அதற்கு 5 கிலோ சர்க்கரை, 50 லிட்டர் தண்ணீர். மூன்று மாதம் காத்திருக்க வேண்டும் என்பதால் எந்த நேரத்திலும் வீட்டில் 150 லிட்டர் ஊறிக்கொண்டிருக்கும். சோறும் மீனும் இதில் சேரவே சேரா. வடிகட்டிய பின் திப்பியும் மிஞ்சும்.

ஆக இது தரை துடைக்கும் திரவம் செய்யும் வழி, அவ்வளவுதான். அந்த அளவில் நல்ல வழி. ஆரஞ்சு, எலுமிச்சைத் தோலில் செய்தது என் வீட்டில் தரை துடைக்கும் திரவப் புட்டி வாங்குவதை நிறுத்திவிட்டது. அதன் வேலையைச் செய்வது பெரும்பாலும் வினிகரில் உள்ள அதே அமிலம்தான். வானிலையையே சரிசெய்யும் என்று சொல்லப்படுவதை நான் ஏற்பதில்லை.

இரண்டு எச்சரிக்கை. முதல் மாதம் வாயு சேரும், நாள்தோறும் மூடியைத் தளர்த்த வேண்டும். கண்ணாடிப் புட்டியில் செய்யவே கூடாது, வெடிக்கும். இதை ஒருபோதும் குளோரின் வெளுப்பானோடு கலக்கக் கூடாது. அமிலம் பட்டால் நச்சுவாயு கிளம்பும். குளியலறையில் இரண்டையும் அடுத்தடுத்துப் பயன்படுத்துபவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும்.

## மின்சார இயந்திரம்

இரவு போட்டால் காலையில் பழுப்புப் பொடி. கழிவின் பருமன் வெகுவாகக் குறைகிறது, வாடையும் இல்லை. விலை ஒரு சலவை இயந்திரத்தை ஒட்டி வரும். மின்கட்டணமும், வாடை பிடிக்கும் வடிகட்டியை மாற்றும் செலவும் தொடரும். பல இயந்திரங்கள் செய்வது அரைத்து உலர்த்துவதுதான். அந்தப் பொடி உரமாகிவிட்டதாக எண்ணிச் செடிக்குப் போட்டால், ஈரம் பட்டதும் விட்ட இடத்திலிருந்து அழுக ஆரம்பிக்கும். மண்ணோடு கலந்து சில வாரம் மட்கவிட வேண்டும். குனிந்து கிளற முடியாத முதியவர்கள், கைவலி உள்ளவர்கள், பணம் ஒரு பொருட்டில்லாதவர்கள் வாங்கலாம். மற்றவர்களுக்கு நான் சொல்லமாட்டேன்.

## நேரே மண்ணில்

ஒரு கெஜம் மண் இருக்கிற வீட்டில் வாங்க வேண்டியது மண்வெட்டி மட்டும்தான். ஓர் அடி ஆழம், பச்சைக் கழிவு, மேலே மண். நாளை பக்கத்தில் இன்னொரு குழி. மீனும் இறைச்சியும் எலியையும் நாயையும் வரவழைக்கும் என்பதால் அவற்றை மட்டும் முதலில் போகாஷியில் புளிக்கவிட்டுப் புதைக்கலாம். பினாங்கு பயனீட்டாளர் சங்கம் நெடுங்காலமாக வீட்டு உரத்தைப் பற்றிச் சொல்லி வருகிறது. நம் பாட்டிமார் தோட்டப்புறத்தில் வாழை மரத்தடியில் செய்ததும் இதைத்தான்.

## ஒரே பார்வையில்

| | தகாகுரா | போகாஷி | எஞ்சைம் | இயந்திரம் |
|---|---|---|---|---|
| சமைத்த உணவு | போடலாம், குழம்பு வடித்து | போடலாம் | கூடாது | போடலாம் |
| மீன், இறைச்சி | சிறிதளவு | போடலாம் | கூடாது | போடலாம் |
| தினசரி நேரம் | 5 நிமிடம் | 1 நிமிடம் | முதல் மாதம் மூடி தளர்த்த மட்டும் | மிகக் குறைவு |
| தொடர் செலவு | உமி, அட்டை | தவிடு | சர்க்கரை | மின்சாரம், வடிகட்டி |
| முடிவில் கிடைப்பது | உரம் | புளித்த கழிவு, சாறு | துப்புரவு நீர், திப்பி | உலர்ந்த பொடி |
| மண் தேவையா | கொடுக்க ஒருவர் இருந்தால் போதும் | கட்டாயம் | திப்பிக்கு மட்டும் | தேவை |

## யாருக்கு எது?

பட்டர்வொர்த் ஆசிரியருக்கு: ஐயா, உங்கள் வீட்டின் பின்னால் மண் இருக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். ஒரு போகாஷி வாளியை மீனுக்கும் மிஞ்சிய குழம்புச் சோற்றுக்கும் வைத்துக்கொள்ளுங்கள், தோலை நேரே குழியில் போடுங்கள். முதுகுவலி என்று குறிப்பிட்டதால் கூடையைக் கிளறும் வேலை வேண்டாம்.

செந்தூல் குடும்பத்துக்கு: நாளுக்கு நான்கைந்து கிலோ பச்சைத் தோல் சேருவதாகச் சொல்கிறீர்கள். ஒரு கூடை அதைத் தாங்காது. பக்கவாட்டில் துளையிட்ட இரண்டு பெரிய பீப்பாய், தாராளமாகக் காய்ந்த இலை அல்லது உமி, வாரம் இருமுறை கிளறல் என்று தொடங்குங்கள். பொரித்த எண்ணெயை இதில் சேர்க்காமல் தனியே டின்னில் பிடித்து வைத்தால் பழைய எண்ணெய் வாங்குபவர்கள் எடுத்துக்கொள்வார்கள். கோலாலம்பூரில் 2015 செப்டம்பர் முதல் குப்பையைப் பிரித்துப் போடுவது சட்டம். வாரத்தில் ஒருநாள் மறுபயனீட்டுப் பொருளுக்கென்றே வண்டி வருகிறது. ஈரம் தனியே போய்விட்டால் உங்கள் டின்னும் அட்டையும் சுத்தமாக அந்த வண்டிக்குப் போகும்.

ஜெலுத்தோங் தங்கைக்குக் கூடைதான். முதல் இரண்டு வாரம் காய்கறித் தோலும் தேயிலையும் மட்டும் போடுங்கள். கைப்பிடி ஈரம் பழகிய பிறகு சோறு, அதற்கும் பிறகு மீன். குப்பைத் தொட்டியில் பையைப் போடுவதை மூன்றாம் வாரம் நிறுத்திப் பாருங்கள். அடியில் மடித்த செய்தித்தாள் ஒன்று போதும். எங்கள் வீட்டில் அப்போதிலிருந்து நாளுக்கு ஒரு பை என்பது வாரம் ஒன்றாகிவிட்டது. அதிலும் போவது பெரும்பாலும் பிஸ்கட் உறையும் மீன் பொட்டலமும்தான்.

ஆனால் கூடையை இன்றே வாங்கிவிடாதீர்கள். முதலில் மின்தூக்கியில் கீழே இறங்கி, உங்கள் கட்டடத்தில் யார் செடி வைத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். நான்கு மாதம் கழித்து ஒரு பை உரம் கொடுத்தால் வாங்கிக்கொள்வார்களா என்று கேளுங்கள். அவர்கள் சரி என்று சொன்ன பிறகு உமிக்குச் சொல்லி வைக்கலாம்.